நைட்டோவுக்கு எதிராக விழுந்த ஓட்டுகள்

2013 நவம்பரில் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் நிறுவனம் ரசிகர்கள் முன் ஒரு கேள்வியை வைத்தது. ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ஜனவரி 4 டோக்கியோ டோம் இரவு வரப்போகிறது; அதில் மிக உயர்ந்த இடமான கடைசிப் போட்டியாக எது நடக்க வேண்டும்? முதல் தேர்வு, நிறுவனத்தின் தலையாய பட்டமான ஐ.டபிள்யூ.ஜி.பி. ஹெவிவெயிட் பெல்ட்டுக்கான மோதல். சாம்பியன் கசுச்சிகா ஒகாடா, எதிரே நிறுவனத்தின் பெரிய ஆண்டுத் தொடரான ஜி1 கிளைமாக்ஸை அந்த ஆண்டு வென்ற டெட்சுயா நைட்டோ. இரண்டாவது தேர்வு, அதற்கு ஒரு படி கீழே இருந்த இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்காக ஷின்ஸ்கே நகமுராவும் ஹிரோஷி தனஹாஷியும் மோதுவது. இணையத்தில் ஓட்டுப் போடலாம். டிசம்பரில் முடிவு வந்தபோது ரசிகர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், மறுபேச்சுக்கு இடமில்லாத வித்தியாசத்தில்.

தலையாய பட்டம் கடைசிக்கு முந்தைய இடத்துக்கு இறங்கியது. 2014 ஜனவரி 4 அன்று நைட்டோ அந்த இடத்தில் ஆடி, ஒகாடாவிடம் தோற்று, உள்ளே போனார். பிறகு தனஹாஷியும் நகமுராவும் வந்து இரவை முடித்து வைத்தார்கள்.

ஜப்பானிய ரெஸ்லிங் ரசிகர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நான் இந்த ஓட்டெடுப்பிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு நிகழ்ச்சி நன்றாக இருந்ததா இல்லையா என்று ரசிகர்கள் பின்னால் சொல்வது எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே ரசிகர்கள் சொன்னதே கதையின் முதல் அத்தியாயமாகி, அடுத்த பத்து ஆண்டுகள் அதன் மேல்தான் கட்டடம் எழுந்தது.

டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானதுதானே, இதில் ரசிகர் கருத்துக்கு என்ன மதிப்பு? முடிவை முன்பே தீர்மானிப்பது ஜப்பானிலும் உண்மைதான். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்போது வாய் திறப்பார்கள், யாருக்காகத் திறப்பார்கள் என்பதை யாராலும் எழுதி வைக்க முடியாது. நிறுவனம் விற்பதே அந்தச் சத்தத்தைத்தான். யார் பெயரைச் சொல்லி அரங்கம் கத்துகிறதோ அவருக்காக டிக்கெட் போகும், டி-ஷர்ட் போகும். கத்தாவிட்டால் எவ்வளவு பெரிய பெல்ட்டை இடுப்பில் கட்டிவிட்டாலும் பயனில்லை.

டோக்கியோ டோமுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் கொராகுவென் ஹால் இருக்கிறது. சுமார் 2,000 பேரே கொள்ளும் சின்ன அரங்கம். ஜப்பானிய ரெஸ்லிங்கின் நாடி பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்பார்கள். வீரர் பெயரை அறிவிக்கும்போது நாலாபுறமிருந்தும் வண்ணக் காகித நாடாக்கள் ரிங்கில் வந்து விழும். தரையில் பிடி போட்டுக் கிடக்கும்போது பேச்சுமூச்சில்லாமல் பார்ப்பார்கள். தோள் தரையில் அழுந்திக் கிடக்க நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி; இரண்டு எண்ணியதும் தோள் எழும்பிவிட்டால் அரங்கம் முழுக்க அடக்கி வைத்த மூச்சு ஒன்றாக வெளிப்படும். சூடு ஏறிவிட்டால் தரை அதிரக் காலால் தட்டுவார்கள். இப்படிக் கவனித்துப் பார்க்கும் கூட்டத்தில் ஊளையிடுவது எளிதில் நடப்பதில்லை. வில்லனாக வருபவருக்குக் கிடைக்கும் ஊளை வேலையின் ஒரு பகுதி, அது அவருக்குப் பாராட்டு. நல்லவர் என்று நிறுவனம் முன்னிறுத்துகிறவருக்கு ஊளை விழுந்தால் கதையே வேறு. அப்போது அலுவலகத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

2013 இலையுதிர் காலத்தில் நைட்டோவுக்கு விழுந்தது இந்த இரண்டாவது வகை.

அவர் செய்த தப்புதான் என்ன? டோக்கியோவின் அடாச்சி பகுதியில் வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்தே நியூ ஜப்பான் ரசிகர். அங்கே நட்சத்திர வீரராக இருந்த கெய்ஜி முட்டோதான் அவருக்குத் தெய்வம். என்றைக்காவது டோக்கியோ டோமின் கடைசிப் போட்டிக்காக அந்த நீளமான பாதையில் நடந்து வர வேண்டும் என்பதே கனவு. 2006-ல் அறிமுகமாகி, கயிற்றின் மேலேறிச் சுழன்று விழும் ஸ்டார்டஸ்ட் பிரஸ் என்ற அடியால் பெயர் வாங்கினார். 2011 அக்டோபரில் தனஹாஷிக்கு எதிராகத் தலையாய பட்டத்துக்கு மோதித் தோற்றார். பரவாயில்லை, அடுத்த முறை இவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த அடுத்த முறை வேறொருவருக்குப் போனது. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த ஒகாடா, நைட்டோவுக்கு இளையவர், 2012 ஜனவரி 4 அன்று பொன்னிற முடியும் கழுத்து நிறைய நகையுமாகத் திரும்பி வந்தார். பண மழை பொழிய வைப்பவன் என்று சொல்லிக்கொண்டார். தனஹாஷியிடம் போட்டி கேட்டபோது அரங்கம் அவரை ஏளனமாகத்தான் பார்த்தது. பிப்ரவரி 12 அன்று ஒசாகாவில் அவர் தனஹாஷியை வீழ்த்திப் பெல்ட்டைப் பிடித்தார். வயது 24. முதல் தற்காப்பு மார்ச் 4, கொராகுவென் ஹால். எதிரி நைட்டோ. ஒகாடா அதிலும் வென்றார். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் சில வாரங்களிலேயே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தன் வேலையாலேயே அவர் அவர்களின் வாயை அடைத்தார்.

நைட்டோவோ முழங்கால் சிதைந்து 2012 அக்டோபரில் ஒதுங்கினார். 2013 ஜூனில் திரும்பினார். ஆகஸ்ட் 11 அன்று டோக்கியோவின் சுமோ அரங்கமான ர்யோகோகு கொகுகிகானில் தனஹாஷியை வென்று ஜி1 கோப்பையைக் கையில் எடுத்தார். நியூ ஜப்பானின் கதாநாயகன் நான்தான் என்று மைக்கில் அறிவித்தார்.

ரசிகர்கள் மனத்தில் ஒரு கணக்குப் புத்தகம் எப்போதும் திறந்தே இருக்கும். எட்டு மாதம் காயத்தில் இருந்தவர், வந்து இரண்டே மாதத்தில் ஆண்டின் பெரிய தொடரை ஜெயிக்கிறார். அதற்குரிய துன்பத்தை அவர் எப்போது பட்டார், நாங்கள் எப்போது பார்த்தோம்? இதுதான் கேள்வி. நைட்டோவின் ஆட்டம் மோசமில்லை, சொல்லப்போனால் அருமையான ஆட்டக்காரர். ஆனால் அவருக்கென்று ஒரு முகம் இல்லை. தலைமுடி, புன்னகை, ரசிகர்களைப் பார்த்து உருகுவது எல்லாமே தனஹாஷியின் நகல் போலிருந்தது. அசல் பக்கத்திலேயே நிற்கும்போது நகலுக்கு எதற்குக் கடைசி இடம்?

ஓட்டெடுப்பின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தனஹாஷியும் நகமுராவும் பத்து ஆண்டுகள் எதிரெதிராக வளர்ந்தவர்கள். அந்த அக்டோபரில் ஒகாடாவிடம் தோற்ற தனஹாஷி, தலையாய பட்டத்துக்கு விடைகொடுத்துவிட்டிருந்தார். நகமுராவோ, யாரும் பெரிதாக மதிக்காத இன்டர்கான்டினென்டல் பட்டத்தை 2012 கோடையில் பிடித்து, பெல்ட்டின் தோலை வெள்ளையாக மாற்றி, உடலை நெளித்து ஆடும் தன் பாணியால் அதற்கு ஒரு மவுசை உண்டாக்கியிருந்தார். ஆக ஓட்டுப் போட்டவர்கள் நைட்டோவை வெறுத்து மட்டும் போடவில்லை. கண்ணுக்கு முன்னால் பழுத்து நின்ற கதைக்குப் போட்டார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் போட்டது சரியான ஓட்டு.

தப்பு நிறுவனத்தினுடையது. தன் தலையாய பட்டத்தைத் தானே சந்தைக்குக் கொண்டுவந்து விலை கேட்டது. 2012 தொடக்கத்தில் நியூ ஜப்பானை வாங்கியிருந்த புஷிரோட், சீட்டு விளையாட்டு விற்று வளர்ந்த நிறுவனம். ஏ.கே.பி.48 என்ற பாடகிகள் குழு ஆண்டுதோறும் ரசிகர் தேர்தல் நடத்தி ஜப்பானையே பேச வைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டுப் போட வைத்தால் ரசிகர் நெருங்கி வருவார் என்பது வியாபாரக் கணக்காகச் சரிதான். ஆனால் ஜி1 ஜெயித்தவருக்கு டோமின் கடைசிப் போட்டி என்று ஒரு வாக்குறுதி இருந்தது. ஊளைக்குப் பயந்து அதை முறித்தார்கள், முறித்த பழியை ரசிகர்கள் தலையில் வைத்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 11, ஒசாகா. நைட்டோ வைத்திருந்த நெவர் என்ற இன்னொரு பட்டத்துக்கு டொமோஹிரோ இஷீ மோதுகிறார். இஷீ குள்ளமானவர், கழுத்தே இல்லாதது போல் உடம்பு, வயது 38. பெரிய மேடைக்குத் தகுதியில்லை என்று ஓரங்கட்டப்பட்டு, சிறு சிறு போட்டிகளில் அடி வாங்கி வாங்கியே ரசிகர் மனத்தில் இடம் பிடித்தவர். நைட்டோவின் பக்கத்தில் அவரை நிறுத்தியதும் ரசிகர்களின் கணக்குப் புத்தகம் வெட்டவெளிச்சமானது. இஷீ ஒரு அறை விட்டால் அரங்கம் பொங்கியது. நைட்டோ அதே அறையைத் திருப்பிக் கொடுத்தால் ஊளை. அவர் கயிற்றின் பக்கம் போனாலும் ஊளை, எழுந்து நின்றாலும் ஊளை. வில்லத்தனம் எதுவும் அவர் செய்யவில்லை, நேர்மையாகத்தான் ஆடினார், அதுவும் நன்றாகவே. இஷீ ஜெயித்தபோது ஒசாகா கொண்டாடியது. அந்தப் போட்டியைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்: நைட்டோ மீதிருந்த கோபம் ஆட்டத் திறமையைப் பற்றியதாக ஒருபோதும் இருக்கவில்லை, நியாயத்தைப் பற்றியதாக இருந்தது.

இந்த நியாய உணர்ச்சி புதிதாக முளைத்ததில்லை. 1954-ல் தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கூட்டம் கூட்டமாக நின்று, ரிகிடோசான் என்ற முன்னாள் சுமோ வீரர் அமெரிக்கர்களைக் கையால் வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்த நாளிலிருந்து, ரெஸ்லிங்கை வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாத ஒரு ரசிகர் மரபு அங்கே உருவாகிவிட்டது. 1972-ல் அவருடைய சீடர்கள் அன்டோனியோ இனோகி நியூ ஜப்பானையும் ஜயன்ட் பாபா ஆல் ஜப்பானையும் தொடங்கியபோது, அந்த மரபு இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் வளர்ந்தது.

அதன் கோபமான முகத்தை இனோகியே பார்த்திருக்கிறார். 1987 டிசம்பர் 27, ர்யோகோகு கொகுகிகான். இனோகிக்கும் ரிகி சோஷூவுக்கும் இடையிலான போட்டிக்காக மக்கள் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். நகைச்சுவை நடிகர் பீட் தகேஷியின் குழு, வேடர் என்ற முகமூடி ராட்சசனோடு உள்ளே வந்து போட்டி வரிசையையே மாற்றியது. குப்பைகள் ரிங்கில் பறந்தன. கடைசியில் இனோகி மூன்று நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் வேடரிடம் தோற்றதும் கூட்டம் கலவரத்தில் இறங்கி இருக்கைகளை நாசமாக்கியது. அந்த அரங்கத்துக்குள் நுழைய நியூ ஜப்பானுக்கு ஓராண்டுக்கு மேல் தடை விழுந்தது. காசு கொடுத்து வந்தவனிடம் சொன்னதைச் செய்யாமல் வேறொன்றைத் தள்ளினால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஓட்டில் வென்ற தனஹாஷிக்கும் ஒரு காலத்தில் இதே கதி. 2006 ஜூலையில் அவர் முதன்முறை தலையாய பட்டத்தைப் பிடித்தபோது, சண்டைக் கலையே உயிர் என்றிருந்த இனோகி கால ரசிகர்களுக்கு இந்த நீள முடிக்காரனின் பளபளப்பு சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊளை வாங்கினார். 'உங்களை நேசிக்கிறேன்' என்று கத்தி ஒவ்வொரு இரவையும் முடித்தார். ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்து, கை குலுக்கி, ஆண்டுக் கணக்கில் உழைத்துத்தான் அந்த ஊளையைக் கைதட்டலாக மாற்றினார். அவர் காட்டிய வழி பொறுமை. நைட்டோவும் அதே வழியில் போகப் பார்த்தார், சிரித்துக்கொண்டே ஊளையை வாங்கிக்கொண்டார். அவர் முகத்துக்கு அது பொருந்தவில்லை.

2015-ல் மெக்சிகோ போனார். அங்கே சி.எம்.எல்.எல். நிறுவனத்தில் ரஷ், லா சோம்ப்ரா ஆகியோரின் இங்கோபர்னாபிளெஸ் கும்பலில் சேர்ந்தார். யார் ஊளையிட்டாலும் எங்களுக்கென்ன என்று திரிந்த கும்பல் அது. நல்லவனாக நடித்து ஊளை வாங்குவதைவிட, மனத்தில் பட்டதைச் செய்துவிட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்று அங்கே நைட்டோவுக்கு உறைத்திருக்க வேண்டும். ஜூனில் ஜப்பான் திரும்பியவர் பழைய நைட்டோ இல்லை. கோட்டும் சூட்டுமாக ஆடி அசைந்து வருவார். ரிங்குக்குள் வந்த பிறகு உடை மாற்றவே பல நிமிடம் எடுத்துக்கொள்வார். எதிரி பொறுமை இழந்தால், அவசரப்படாதே என்று ஸ்பானியமும் ஜப்பானியமும் கலந்து சொல்வார். விரலால் கண் இமையை விரித்துக் காட்டுவார். ஆண்டு முடிவதற்குள் எவில், புஷி என்ற வீரர்களும் சேர, அந்தக் கும்பலுக்கு ஒரு ஜப்பான் கிளை பிறந்தது.

நிறுவனத்தைத் திட்டினார், தலைவரைத் திட்டினார், ரசிகர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஓட்டெடுப்பைத் திரும்பத் திரும்ப இழுத்தார். நீங்கள்தானே எனக்கு எதிராக ஓட்டுப் போட்டீர்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால் ரசிகர்களுக்கு அது பிடித்துப்போனது. ஏனென்றால் இப்போதுதான் அவர் உண்மை பேசுகிறார். அவமானத்தை விழுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தவர் அதை வெளியே துப்பினார், துப்பியதில் அவருடைய சொந்த முகம் தெரிந்தது.

2016 ஏப்ரல் 10, ர்யோகோகு. புதிதாக வந்து சேர்ந்த சனாடாவின் துணையோடு, அதாவது அப்பட்டமான ஏமாற்று வேலையோடு, ஒகாடாவை வீழ்த்தித் தலையாய பட்டத்தை முதன்முறை பிடித்தார். ஊளை விழ வேண்டிய இடம். அரங்கம் நைட்டோ பெயரைக் கத்தியது. அவரோ வாழ்நாள் கனவான அந்தப் பெல்ட்டை இடுப்பில் கட்டாமல் தூக்கி வீசினார். அதே ஆண்டு இன்டர்கான்டினென்டல் பட்டமும் அவர் கைக்கு வந்தது, எந்த வெள்ளைப் பெல்ட்டுக்காக ரசிகர்கள் அவரைக் கீழே இறக்கினார்களோ அதே பெல்ட். அதை இரும்புப் படிகளில் அடித்தார், தூணில் அடித்தார், எறிந்து எறிந்து உலோகத் தகட்டையே உடைத்துவிட்டார். ஓட்டெடுப்பு தெரியாதவருக்கு அது வெறும் முரட்டுத்தனம். தெரிந்தவருக்கு ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்று புரியும். 2016-க்கான டோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

2017-ல் மீண்டும் ஜி1 வென்றார். 2018 ஜனவரி 4 அன்று, நான்கு ஆண்டு தாமதத்தில், டோக்கியோ டோமின் கடைசிப் போட்டியில் ஒகாடாவுக்கு எதிரே நின்றார். வந்திருந்தவர்கள் 34,995 பேர். முந்தைய ஆண்டைவிட 8,000-க்கும் அதிகம், கிறிஸ் ஜெரிக்கோவும் கென்னி ஒமேகாவும் மோதியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் நைட்டோ கும்பலின் கறுப்புத் தொப்பிகளும் பனியன்களும்தான். இன்று அவர் ஜெயிப்பார், ஜெயித்து மைக்கைப் பிடித்துக் கும்பலில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார், கடைசியில் கும்பலின் முழுப் பெயரை அரங்கமே அவரோடு சேர்ந்து கத்தும் என்று காத்திருந்தார்கள். சின்ன ஊர் அரங்கங்களில் எத்தனையோ இரவுகள் செய்து பழகிய அந்தக் கோஷத்தை டோமில் ஒரு தடவை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நைட்டோ கடைசிக் கட்டத்தில் அபூர்வமாக எடுக்கும் பழைய ஸ்டார்டஸ்ட் பிரஸ்ஸை எடுத்தார். அது தவறியது. ஒகாடா ஜெயித்தார். வென்றவர் மைக்கில் நைட்டோவிடம், டோமின் கடைசிப் போட்டி எப்படி இருந்தது, ஜெயித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற பொருள்படப் பேசியதும் வெந்த புண்ணில் வேல்.

இன்றுவரை ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பது இந்த முடிவில்தான். ஒரு தரப்பின் வாதம்: ஒகாடாவின் சாதனைக் காலம் உச்சத்தில் இருந்தது, 2016 ஜூனில் பிடித்த பெல்ட்டை அவர் 2018 ஜூன்வரை 720 நாள் வைத்திருந்து கடைசியில் ஒமேகாவிடம்தான் இழந்தார், அந்தச் சாதனையைக் காப்பாற்ற நைட்டோ தோற்றே ஆக வேண்டும். பழைய பாணிக்கு அவர் திரும்பிய கணத்தில் தோற்றது கதையாகவும் பொருந்துகிறது. இன்னொரு தரப்பு: கூட்டத்தின் விருப்பம் கொதிநிலையில் இருந்த ஒரே இரவு அது, அதை வீணடித்தார்கள். நான் இரண்டாவது தரப்பு. 2013-ல் ரசிகர் சொன்னதைக் கேட்கிறேன் என்று ஓட்டெடுப்பு வைத்த நிறுவனம், 2018-ல் ஓட்டே தேவையில்லாத அளவுக்குக் காதைப் பிளந்த குரலைக் கேட்கவில்லை. ஒமேகா ஜூனில் நைட்டோவை வென்றிருந்தாலும் அந்தக் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

வெளிநாட்டு ரசிகர்களின் அளவுகோல் இங்கே கொஞ்சம் வேறு. போட்டிகளுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் அமெரிக்க ரெஸ்லிங் எழுத்தாளர் டேவ் மெல்ட்சர் 2017 ஜனவரி 4-ன் ஒகாடா–ஒமேகா போட்டிக்கு ஐந்து நட்சத்திர எல்லையைத் தாண்டி 6 நட்சத்திரம் கொடுத்த பிறகு, ஜப்பான் நிகழ்ச்சிகளை நட்சத்திரக் கணக்கில் பார்க்கும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. 2014 இறுதியில் தொடங்கிய நியூ ஜப்பான் வேர்ல்ட் இணையச் சேவையால் எங்கிருந்தும் நேரலையாகப் பார்க்க முடிந்தது. இதனால் நல்லதே அதிகம் நடந்தது. ஆனால் நட்சத்திரம் ஒரு போட்டியை மட்டும் அளக்கும். நாலு வருஷமாகக் காத்திருந்தவரின் தொண்டையில் என்ன இருக்கிறது என்பது அந்த அளவுகோலில் ஏறாது.

2019-ல் மீண்டும் ஓர் ஓட்டெடுப்பு வந்தது. 2020-ல் டோம் நிகழ்ச்சி முதன்முறையாக ஜனவரி 4, 5 என இரண்டு நாள். தலையாய பட்டம், இன்டர்கான்டினென்டல் பட்டம் இரண்டையும் ஒரே இரவில் பணயம் வைக்கும் போட்டி வேண்டுமா வேண்டாமா? இரண்டு பெல்ட்டையும் ஒருசேரப் பிடிக்க வேண்டும் என்று முதலில் பேசியவர் நைட்டோ. ரசிகர்கள் வேண்டும் என்றார்கள். ஒரு ஓட்டு பறித்ததை இன்னொரு ஓட்டு திருப்பிக் கொடுத்தது. ஜனவரி 4 அன்று ஜே ஒயிட்டையும், 5 அன்று 30,063 பேர் முன்னிலையில் ஒகாடாவையும் வென்று இரண்டு பெல்ட்டையும் தூக்கினார். மைக்கைப் பிடித்தார். கோஷத்துக்கு அரங்கம் எழுந்தது. பின்னாலிருந்து கென்டா என்ற வீரர் வந்து நைட்டோவை அடித்துப் போட்டு, இரண்டு பெல்ட்டோடு அவர் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று கென்டாவுக்கு விழுந்த ஊளையில் நடிப்பு ஒரு துளியும் இல்லை.

சரி, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது கொரோனா வந்தது. அரங்கம் திறந்தபோது கைதட்ட மட்டுமே அனுமதி, குரல் எழுப்பக் கூடாது. 2021 ஜனவரி 4 அன்று நைட்டோ மீண்டும் டோமின் கடைசிப் போட்டியில் நின்று கோட்டா இபுஷியிடம் தோற்றார், 12,689 பேர் வாய் மூடி உட்கார்ந்திருந்த டோமில். ஊளையாலும் ஆரவாரத்தாலும் செய்யப்பட்ட ஒரு மனிதருக்கு அந்த மௌனத்தைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. 2022 இலையுதிர் காலத்தில்தான் குரல் மெல்லத் திரும்பியது.

2023-ல் மறுபடியும் ஜி1. 2024 ஜனவரி 4 அன்று சனாடாவை வென்று சாம்பியன். அப்போதும் எவில் தன் ஆட்களோடு வந்து குறுக்கே விழுந்தார், தோற்ற சனாடாவே திரும்பி வந்து அவர்களை விரட்டினார். அதன் பிறகு நைட்டோ பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, டோக்கியோ டோமில் அந்தக் கோஷம் கடைசியில் ஒலித்தது. அந்த இரவின் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் பலரும் ஒகாடா–பிரையன் டேனியல்சன் போட்டியைத்தான் சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். நைட்டோவுக்கு அப்போது 41 வயது. முழங்கால் தேய்ந்துவிட்டது, வலது கண்ணில் பொருள் இரண்டாகத் தெரியும் கோளாறுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் மெதுவாகத்தான் இருந்தது. கோஷத்துக்காக வந்தவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் வந்தவர்கள் 27,422 பேர், 2018-ஐவிட 7,000-க்கும் மேல் குறைவு. தாமதத்தின் விலை அந்த எண்ணில் கொஞ்சமாவது இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்தப் பழைய ஓட்டுச்சீட்டில் இருந்த நால்வரில் நகமுரா 2016-லேயே அமெரிக்கா போய்விட்டார், ஒகாடா 2024-ல் போனார், நைட்டோ 2025 மே மாதத்தோடு நியூ ஜப்பானை விட்டு விலகினார். தனஹாஷி 2023 டிசம்பரில் நிறுவனத்தின் தலைவரானார்.

தலைவர் நாற்காலியில் தனஹாஷி இருந்தபோதே பழைய சிக்கல் புதிய பெயரில் வந்து நின்றது. 2025 ஜனவரி 4 டோம் நிகழ்ச்சியின் கடைசிப் போட்டியில், சாம்பியன் சாக் சேபர் ஜூனியருக்கு எதிரே இளைஞர் ஷோட்டா உமினோ. நடுவர் ரெட் ஷூஸ் உன்னோவின் மகன். நன்றாக வளர்ந்தவர், பார்க்க லட்சணமானவர், ரசிகர்களைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே வருபவர். போட்டி அறிவிக்கப்பட்டதிலிருந்தே இவர் எப்போது இதைச் சம்பாதித்தார் என்ற முணுமுணுப்பு எழுந்து, அரங்கங்களில் ஊளையாகவும் வெளிவந்தது. பதினோரு ஆண்டுக்கு முன் நைட்டோவிடம் கேட்ட அதே கேள்வி. இந்த முறை ஓட்டெடுப்பு வைக்கவில்லை, அந்த அளவுக்குப் பாடம் கற்றிருக்கிறார்கள். சேபர் ஜெயித்தார், உமினோ தோற்று வெளியே போனார்.

இன்னொரு பட்ட வாய்ப்பு கொடுத்து உமினோவைத் தேற்றப் பார்ப்பது வீண் வேலை. அந்த ஊளையைக் கேட்டு அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தால், நல்ல பிள்ளை முகத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கோபத்தோடு கொராகுவென் ஹாலில் நிற்க அவரை விட வேண்டும். ஊளையிட்ட அதே ஆட்கள்தான் முதலில் வந்து டி-ஷர்ட் வாங்குவார்கள்.